கிறித்துவத் தேசியவாதமும் பெண்ணுரிமையும்: அயர்லாந்து அரசமைப்புச் சட்டத்தை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

1916ஆம் ஆண்டு ஈஸ்டர் வாரத்தில் டப்ளின் நகரில் வாசிக்கப்பட்ட விடுதலைப் பிரகடனம் அயர்லாந்தின் ஆடவரையும் மகளிரையும் ஒருங்கே விளித்துத் தொடங்கியது; குடிமக்கள் அனைவருக்கும் சம உரிமையும் சம வாய்ப்பும் உண்டு என உறுதி கூறியது. அதன்பின் இருபத்தோர் ஆண்டுகள் கழித்து, 1937ஆம் ஆண்டில் அதே நாடு ஏற்றுக்கொண்ட அரசமைப்புச் சட்டம், பெண் தன் இல்லத்துக்குள் வாழும் வாழ்வின் வழியாகவே நாட்டுக்குத் துணை செய்கிறாள் என்று எழுதிவைத்தது. விடுதலைப் போரில் துப்பாக்கி ஏந்திய பெண், விடுதலைக்குப் பின் அடுக்களைக்குள் வரையறுக்கப்பட்டது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை காண முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிறித்துவத் தேசியவாதம் என்னும் சொல்லாட்சி அண்மைக் காலத்தில் பெரும்பாலும் அமெரிக்க ஐக்கிய நாட்டு அரசியலைக் குறித்தே கையாளப்படுகிறது. எனினும், ஒரு நாடு தன் சட்டங்களையும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் இக்கொள்கையின் நிழலில் நடத்திப் பார்த்த வரலாறு அயர்லாந்துக்கு உண்டு. அதன் தொடக்கம், வளர்ச்சி, தளர்ச்சி ஆகிய மூன்றும் ஆவணங்களில் தெளிவாகப் பதிவாகியுள்ளன. ஆகவே இப்பொருளை ஆராய விரும்புவோருக்கு அயர்லாந்து தக்கதோர் எடுத்துக்காட்டாக அமைகிறது.

கருத்து விளக்கம்

கிறித்துவ சமயமும் கிறித்துவத் தேசியவாதமும் ஒன்றல்ல. முன்னது இறைநம்பிக்கை சார்ந்தது. பின்னது அரசியல் சார்ந்தது. ஒரு நாட்டின் அடையாளமும் சட்டமும் பொது ஒழுக்கமும் ஒரு குறிப்பிட்ட கிறித்துவ மரபிலிருந்தே பிறத்தல் வேண்டும். அம்மரபைப் பேணுவது அரசின் கடமை என்று கருதும் நிலைப்பாட்டையே இக்கட்டுரை கிறித்துவத் தேசியவாதம் எனக் குறிப்பிடுகிறது. அயர்லாந்தில் அது கத்தோலிக்க வடிவம் பெற்றது.

அவ்வடிவம் பெற்றமைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பிரிட்டனின் ஆட்சியில் கத்தோலிக்கர்கள் நிலம் வாங்கவும் பதவி வகிக்கவும் கல்வி பெறவும் நெடுங்காலம் சட்டத்தால் தடுக்கப்பட்டனர். ஒடுக்கப்பட்ட சமயமே ஒடுக்கப்பட்ட இனத்தின் அடையாளமும் ஆயிற்று. தீவு இரண்டாகப் பிரிக்கப்பட்டு, 1922ஆம் ஆண்டில் அயர்லாந்து சுதந்திர நாடு உருவானபோது, அதன் மக்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கத்தோலிக்கராக இருந்தனர். பேச்சு வழக்கில் ஆங்கிலமே ஓங்கியிருந்த நாட்டில், பிரிட்டனிடமிருந்து தம்மை வேறுபடுத்திக் காட்ட ஆட்சியாளர்களுக்குக் கைகொடுத்தது சமயமே. அச்சமய ஒழுக்கத்தின் அளவுகோலாக எங்கும் முன்னிறுத்தப்பட்டவள் பெண். நாட்டின் தூய்மை பெண்ணின் கற்பிலும் தாய்மையிலும் வைத்து எண்ணப்பட்டது. தமிழ்ச் சூழலை அறிந்தோர்க்கு இவ்வெண்ணம் புதியதன்று.

உரிமைகள் குறைந்த வரலாறு

தொடக்கம் நம்பிக்கையூட்டுவதாகவே இருந்தது. 1918ஆம் ஆண்டுத் தேர்தலில் கான்ஸ்டன்ஸ் மார்க்கீவிச், பிரிட்டன் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற்பெண் என்னும் பெருமையைப் பெற்றார். அங்கு அமர மறுத்த அவர், அயர்லாந்தின் சொந்த நாடாளுமன்றத்தில் தொழிலாளர் அமைச்சரானார். 1922ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் 21 வயது நிறைந்த ஆண், பெண் இருபாலர்க்கும் வாக்குரிமை தந்தது. பிரிட்டனில் அந்நிலை 1928ஆம் ஆண்டில்தான் வந்தது. ஆயினும் மார்க்கீவிச்சுக்குப் பின் அயர்லாந்து அமைச்சரவையில் இன்னொரு பெண் இடம்பெற 1979ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இடைப்பட்ட காலத்தில் உரிமைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. 1925ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தின் வழி மணமுறிவு பெறும் வாயில் அடைக்கப்பட்டது. மேலவை உறுப்பினராக இருந்த கவிஞர் யேட்ஸ் அதனைக் கடுமையாக எதிர்த்துப் பேசியும் பயனில்லை. 1927ஆம் ஆண்டுச் சட்டம், தாமாக முன்வந்து விண்ணப்பித்தாலன்றிப் பெண்கள் ஜூரிப் பட்டியலில் இடம்பெறார் என விதித்தது. 1929ஆம் ஆண்டுத் தணிக்கைச் சட்டம் கருத்தடையை ஆதரிக்கும் நூல்களைத் தடை செய்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் கருத்தடைச் சாதனங்களின் விற்பனையையும் இறக்குமதியையும் குற்றமாக்கியது. 1936ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழில் நிலைமைச் சட்டம், குறிப்பிட்ட தொழில்களில் பெண்களை அமர்த்துவதைக் கட்டுப்படுத்த அமைச்சருக்கு அதிகாரம் வழங்கியது.

ஆசிரியப் பெருமக்கள் சிறப்பாகக் கருத வேண்டிய விதி ஒன்றும் அக்காலத்திலேயே வந்தது. 1930களின் முற்பகுதியில், தொடக்கப்பள்ளி ஆசிரியைகள் திருமணம் செய்துகொண்டால் பணியிலிருந்து விலக வேண்டும் என்னும் விதி கொண்டுவரப்பட்டது. பயிற்சி பெற்று, அனுபவம் முதிர்ந்து, வகுப்பறையைத் தன் ஆளுகைக்குள் கொண்டுவந்த ஆசிரியை, மணநாளோடு கரும்பலகையை விட்டு நீங்கினார். ஆசிரியர் சங்கம் இதனை எதிர்த்துப் போராடியது. 1958ஆம் ஆண்டில் அவ்விதி நீக்கப்பட்டது. ஆசிரியர் பற்றாக்குறை அதற்கு முக்கியக் காரணமாக அமைந்தது. அரசுப் பணியில் இருந்த பெண்களுக்கு இத்தகைய விதி 1973ஆம் ஆண்டு வரை நீடித்தது.

இவ்விடத்து ஒன்றைக் கூறுதல் கடன். திருமணத் தடை விதி அயர்லாந்துக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனிலும் அது இருந்தது. ஆனால் அங்கு ஆசிரியைகளுக்கு 1944ஆம் ஆண்டிலும் அரசு ஊழியர்களுக்கு 1946ஆம் ஆண்டிலும் நீக்கப்பட்டது. வேலையின்மை என்னும் பொருளாதாரக் காரணம் இரு நாடுகளுக்கும் பொதுவானதே. அயர்லாந்தில் அப்பொருளாதாரக் காரணத்துக்குச் சமயப் போர்வை கிடைத்தது. பின்னர் அரசமைப்புச் சட்டத்தின் அரணும் கிடைத்தது. ஆகவேதான் அங்கு அவ்விதி மேலும் ஒரு தலைமுறைக் காலம் நிலைபெற்றது எனலாம்.

1937ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம்

ஏமன் டி வலேரா தலைமையில் உருவான இச்சட்டத்தின் முகவுரை மூவொரு கடவுளின் பெயரால் தொடங்குகிறது. 44ஆம் உறுப்பு கத்தோலிக்கத் திருச்சபைக்குச் சிறப்பிடம் அளித்தது. பின்னாளில் டப்ளின் பேராயரான ஜான் சார்ல்ஸ் மெக்வெய்ட் போன்ற குருமார்களின் ஆலோசனை இச்சட்ட உருவாக்கத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது. தாய்மார் வீட்டை மையமாகக் கொண்டே உழைத்தல் வேண்டும் என்று திருத்தந்தை பதினோராம் பயஸ் 1931ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் வெளியிட்ட கருத்தின் சாயலும் இதில் காணப்படுகிறது. அதே வேளையில், கத்தோலிக்கத்தை அரசு சமயமாக அறிவிக்க டி வலேரா இணங்கவில்லை என்பதையும், யூதர் உள்ளிட்ட பிற சமயத்தாரையும் சட்டம் பெயர் சுட்டி ஏற்றுக்கொண்டது என்பதையும் மறத்தலாகாது.

பெண்கள் தொடர்பில் மூன்று பகுதிகள் முதன்மையானவை. ஒன்று, 40ஆம் உறுப்பு. இது சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று கூறிவிட்டு, உடல், ஒழுக்கம் சார்ந்த ஆற்றல் வேறுபாட்டையும் சமூகப் பணி வேறுபாட்டையும் அரசு கருத்திற்கொள்ளலாம் என விலக்கு அளித்தது. இரண்டு, 41ஆம் உறுப்பின் இரண்டாம் பிரிவு. இது இல்லத்துக்குள் பெண் வாழும் வாழ்வைப் போற்றி, பொருளாதார நெருக்கடியால் தாய்மார் தம் இல்லக் கடமைகளைப் புறக்கணித்து வேலைக்குச் செல்லும் நிலை வாராமல் காக்க அரசு முயலும் என்றது. மூன்று, மணமுறிவை முற்றாகத் தடுத்த விதி.

இவற்றைப் பெண்கள் மௌனமாக ஏற்கவில்லை. பெண் பட்டதாரிகள் சங்கம் கூட்டங்கள் நடத்தியது. ஹன்னா ஷீகி ஸ்கெஃபிங்டன், 1916ஆம் ஆண்டுப் பிரகடனம் தந்த சமத்துவம் கைவிடப்பட்டது என வாதிட்டார். அவர்களின் போராட்டம் ஒருசில பயன்களைத் தந்தது. குடியுரிமை, வாக்குரிமை பற்றிய பகுதிகளில் பால் வேறுபாடு கூடாது என்னும் தொடர் சேர்க்கப்பட்டது. 45ஆம் உறுப்பின் வரைவில் பெண்களின் வலிமைக் குறைவைச் சுட்டிய சொற்கள் நீக்கப்பட்டன. எனினும் 40, 41ஆம் உறுப்புகள் மாறவில்லை. 1937 ஜூலை முதல் நாள் நடைபெற்ற வாக்கெடுப்பில் சட்டம் ஏற்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் 29ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

புகழ்ச்சியும் பயனும்

41ஆம் உறுப்பு பெண்ணை இழிவுபடுத்தவில்லை; போற்றவே செய்கிறது என்று கூறுவோர் உளர். அப்புகழ்ச்சியால் இல்லத்தரசிகள் பெற்ற பயன் யாது என வினவுதல் பொருத்தமாகும்.

1944ஆம் ஆண்டில் குழந்தைகளுக்கான உதவித்தொகை அறிமுகமானபோது அது தாயிடம் வழங்கப்படவில்லை, தந்தையிடமே வழங்கப்பட்டது. தாய்க்கு அவ்வுரிமை கிடைத்தது 1974ஆம் ஆண்டில்தான். 1951ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சர் நோயல் பிரவுன், தாய்மார்க்கும் குழந்தைகளுக்கும் இலவச மருத்துவம் வழங்கும் திட்டம் ஒன்றை முன்வைத்தார். மருத்துவர் சங்கமும் ஆயர்களும் எதிர்த்தனர். குடும்பத்தின் நலம் பேணுவது பெற்றோரின் உரிமை. தாய்மை பற்றிய அறிவுரையை அரசு வழங்கினால் அது கருத்தடைக்கு வழி திறக்கும் என்பது ஆயர்களின் அச்சம். திட்டம் கைவிடப்பட்டது, அமைச்சர் பதவி விலகினார். இல்லத்தில் பல்லாண்டு உழைத்த மனைவிக்கு, 41ஆம் உறுப்பின் அடிப்படையில் குடும்ப வீட்டில் பங்கு உண்டு என 1988ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் கருதியது. அதன் பின்னர் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்துவிட்டது. இவை மூன்றையும் ஒருங்கே நோக்குமிடத்து, சட்டம் பெண்ணின் தாய்மையைச் சொல்லளவில் உயர்த்தியதே அன்றி, பணமாகவோ மருத்துவமாகவோ சொத்தாகவோ அதற்கு மதிப்பளிக்கவில்லை என்பது புலனாகும்.

வரையறைக்கு வெளியே நின்ற பெண்ணின் நிலை இதனினும் கொடியது. திருமணமாகாமல் கருவுற்றவர்களும் குடும்பத்தாரால் கைவிடப்பட்டவர்களும் துறவற மகளிர் சபைகள் நடத்திய மக்தலேனா சலவையகங்களில் சேர்க்கப்பட்டு ஊதியமின்றி உழைத்தனர். 1922 முதல் 1996 வரை ஏறத்தாழ 10,000 பெண்கள் அங்குச் சேர்க்கப்பட்டதாக 2013ஆம் ஆண்டில் வெளிவந்த அரசு அறிக்கை தெரிவித்தது. அவ்வாண்டே பிரதமர் எண்டா கென்னி நாட்டின் சார்பில் மன்னிப்புக் கோரினார். தாய் சேய் இல்லங்கள் பற்றிய விசாரணை ஆணையம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, தான் ஆராய்ந்த 18 நிலையங்களில் ஏறத்தாழ 56,000 பெண்களும் 57,000 குழந்தைகளும் இருந்தனர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 9,000 குழந்தைகள் இறந்தனர் என்றும் கூறுகிறது. தாய்மையைத் தெய்வமாக்கிய நாட்டில் இத்தனை தாய்மார்கள் மறைத்து வைக்கப்பட்டனர். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இலட்சியத் தாய் ஒருத்தியை நாட்டின் சின்னமாக நிறுவியபோதே, அச்சின்னத்துக்குப் பொருந்தாதவளைக் கண்ணில் படாமல் அகற்றும் தேவையும் பிறந்துவிட்டது.

மாற்றத்தின் தொடக்கம்

1970களில் காற்று திசை மாறத் தொடங்கியது. 1967ஆம் ஆண்டில் இடைநிலைக் கல்வி இலவசமானதால் படித்த பெண்களின் தொகை பெருகியது. 1971ஆம் ஆண்டு மே மாதம் பெண்கள் இயக்கத்தினர் ரயிலில் பெல்ஃபாஸ்ட் சென்று, தடை செய்யப்பட்ட கருத்தடைச் சாதனங்களை வாங்கிவந்து, டப்ளின் நிலையத்தில் சுங்க அதிகாரிகளின் முன்னிலையிலேயே காட்டினர். 1972ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் திருச்சபையின் சிறப்பிடம் நீக்கப்பட்டது. 1973ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் நாடு இணைந்தமை, சம ஊதியச் சட்டத்துக்கு உந்துதலாயிற்று.

அதே ஆண்டில் மேரி மெகீ என்பாரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கு குழந்தைகளின் தாயான அவருக்கு மீண்டும் கருவுற்றால் உயிருக்கு ஆபத்து என மருத்துவர் எச்சரித்திருந்தார். அவர் வரவழைத்த கருத்தடை மருந்தைச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. மணவாழ்வின் அந்தரங்கத்தில் அரசு தலையிட இயலாது என நீதிமன்றம் கூறியது. அவரும் கத்தோலிக்கரே. ஆகவே இப்போராட்டத்தைச் சமயத்துக்கும் சமய மறுப்புக்கும் இடையே நிகழ்ந்ததாகக் கொள்வது பிழையாகும். பெண்களுக்குக் கல்வி வழங்கியதில் துறவற மகளிர் பள்ளிகளின் பங்கும் பெரிது.

மாற்றம் நேர்க்கோட்டில் செல்லவுமில்லை. 1983ஆம் ஆண்டில், கருவின் உயிரையும் தாயின் உயிரையும் சமமாக வைக்கும் எட்டாவது திருத்தம் 66.9 விழுக்காட்டு வாக்குகளுடன் நிறைவேறியது. 1986ஆம் ஆண்டில் மணமுறிவுத் திருத்தம் தோற்றது. 1992ஆம் ஆண்டில், வன்புணர்வால் கருவுற்ற 14 வயதுச் சிறுமி இங்கிலாந்து செல்வதை உயர் நீதிமன்றம் தடுத்தது. உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கியது. 1995ஆம் ஆண்டில் மணமுறிவு உரிமை 9,114 வாக்குகள் மிகுதியால் வென்றது.

இந்தியரின் நெஞ்சில் நிலைத்துவிட்ட பெயர் சவிதா ஹலப்பனவர். கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவரான அவர், 31ஆம் வயதில், 17 வார கர்ப்பத்தில், கருச்சிதைவு தவிர்க்க இயலாத நிலையில் கால்வே நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கருவின் இதயத்துடிப்பு இருந்தமையால் கருவை நீக்க வேண்டும் என்னும் அவரது வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. 2012 அக்டோபர் 28ஆம் நாள் நச்சுக் கிருமித் தொற்றால் அவர் உயிரிழந்தார். மருத்துவக் கண்காணிப்பில் குறைபாடுகள் இருந்தன என்பதை விசாரணைகள் வெளிப்படுத்தின. சட்டத்தின் தெளிவின்மையும் விவாதத்துக்கு உள்ளானது. இது கத்தோலிக்க நாடு என்னும் சொற்கள் அவரிடம் கூறப்பட்டன என்பதை மரண விசாரணையில் செவிலி ஒருவர் ஒப்புக்கொண்டார். அச்சமயத்தைச் சாராத ஓர் அயல்நாட்டுப் பெண்ணின் உடலும் அந்நாட்டு அடையாளத்தின் எல்லைக்குள் அகப்பட்டுக்கொண்டது. 2018 மே 25ஆம் நாள் நடைபெற்ற வாக்கெடுப்பில் 66.4 விழுக்காட்டினர் எட்டாவது திருத்தத்தை நீக்க வாக்களித்தனர்.

ஆயினும் 41ஆம் உறுப்பின் இல்லம் பற்றிய பகுதி இன்னும் அகலவில்லை. அதனை மாற்றும் முயற்சி 2024 மார்ச் 8ஆம் நாள் வாக்கெடுப்பில் 73.9 விழுக்காட்டினரால் நிராகரிக்கப்பட்டது. இம்முடிவைப் பழைமைக்குத் திரும்பியதாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. புதிய வாசகம் பராமரிப்பாளர்க்கும் மாற்றுத்திறனாளர்க்கும் போதிய உறுதி தரவில்லை என்று எதிர்த்தவர்களும் பலர்.

இந்திய அரசமைப்புச் சட்டத்தோடு ஓர் ஒப்பீடு

இந்தியவியல் மாணவர்க்கு இவ்வரலாறு அயலானதன்று. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் வழிகாட்டு நெறிகள் அயர்லாந்துச் சட்டத்தின் 45ஆம் உறுப்பைப் பின்பற்றியவை. அவ்வுறுப்பு, பொருளாதார நெருக்கடியால் குடிமக்கள் தம் பாலுக்கும் வயதுக்கும் வலிமைக்கும் பொருந்தாத தொழில்களில் ஈடுபடலாகாது என்கிறது. இந்தியச் சட்டத்தின் 39ஆம் உறுப்பு ஏறத்தாழ அதே வாசகத்தைத் தன்னுள் கொண்டுள்ளது. ஆனால் பால் என்னும் சொல் அங்கு இல்லை. வயதும் வலிமையும் மட்டுமே எஞ்சின. அதே உறுப்பு ஆண், பெண் இருபாலர்க்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்பதையும் சேர்த்துக்கொண்டது. இல்லத்துப் பெண்ணைப் போற்றும் 41ஆம் உறுப்பு இந்தியாவுக்கு வரவேயில்லை. ஒரு சொல்லின் நீக்கம் எத்துணைப் பொருளுடையது என்பதை மொழி கற்பிப்போர் நன்குணர்வர்.

இதனால் இந்தியப் பெண்கள் தடையின்றி வாழ்ந்தனர் என்பதற்கில்லை. இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதற்பெண்ணான முத்தம்மா, திருமணம் தொடர்பாகப் பெண் அதிகாரிகளுக்கு மட்டும் விதிக்கப்பட்டிருந்த கட்டுப்பாடுகளை எதிர்த்து 1979ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. அவ்விதிகளின் போக்கை நீதிமன்றம் கண்டித்தது. அரசமைப்புச் சட்டத்தின் சமத்துவக் கூறுகள் அவருக்குத் துணை நின்றன. அயர்லாந்து ஆசிரியைக்கோ அச்சட்டமே எதிர்நின்றது. இருவேறு சட்டங்களுக்கு இடையிலான வேறுபாடு இதுவேயாகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். கிறித்துவத் தேசியவாதம் பெண்ணின் உரிமைகளை வெளிப்படையாக மறுத்து நுழையவில்லை. அவளைப் போற்றியே நுழைந்தது, போற்றியதைக் கடமையாக்கியது, கடமையைச் சட்டமாக்கியது, சட்டத்துக்குப் பொருந்தாதவளை மதிலுக்குள் மறைத்தது. சமயம் சிறுபான்மையின் புகலிடமாக இருந்தபோது விடுதலைக்குத் துணைநின்றது. பெரும்பான்மையின் அரசியலாக மாறியபோது அதே சமயத்தைச் சார்ந்த பெண்களையே முதலில் கட்டுப்படுத்தியது.

பெற்ற உரிமை நிலையானது என்று எண்ணுதற்கும் இடமில்லை. அயர்லாந்து 2018ஆம் ஆண்டில் ஒரு திசையில் நகர்ந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ, சமயப் பழைமைவாத இயக்கங்கள் பல பத்தாண்டுகள் வலியுறுத்திவந்ததற்கு இணங்க, கருக்கலைப்பு அரசமைப்பு உரிமை அன்று என 2022ஆம் ஆண்டில் தீர்ப்பளித்து எதிர்த்திசையில் நகர்ந்தது. ஆகவே எந்தச் சமயத்தின் பெயராலாயினும், எந்தப் பண்பாட்டின் பெயராலாயினும், பெண்ணை நாட்டின் சின்னமாக்கும் வாசகங்களை நாம் வகுப்பறையில் வாசிக்க நேரும்போது, அப்புகழுரை அவளுக்கு எதனை வழங்குகிறது, அவளிடமிருந்து எதனை எடுத்துக்கொள்கிறது என்னும் இரு வினாக்களையும் மாணவர்முன் வைத்தல் நம் கடமையாகும். அயர்லாந்தின் ஆசிரியைகள் மணநாளன்று வகுப்பறையில் விட்டுச்சென்ற வெற்றிடம் அவ்வினாக்களின் தேவையை உணர்த்திக்கொண்டே இருக்கும்.